முந்தி வந்தவருக்கு இலை

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லி வைத்த மகராசன் திண்டுக்கல் பக்கத்து அசனத்தை ஒருநாளும் நடத்திப் பார்த்திருக்க மாட்டான். தை மாதம் செபஸ்தியார் திருவிழா வந்துவிட்டால் கோயில் மைதானத்தில் பந்தல் போட்டு, வேண்டுதலுக்கு வந்த ஆடுகளைப் பள்ளிவாசல் ஆளை வைத்து அறுத்து, அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு கொதிக்கும். அசனம் என்றால் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து. யார், எவர், எந்த வேதம் என்ற கேள்வியே கிடையாது. முந்தி வந்தவருக்கு இலை. தாசில்தாரே வந்தாலும் பந்தி எழுந்திருக்கும்வரை ஓரமாக நிற்க வேண்டியதுதான். இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சட்டமும் உண்டு, அதை யாரும் எழுதி வைத்ததில்லை. நடத்துகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். கறி தீர்ந்துபோயிருந்தால் வெறும் குழம்புச் சோறுதான்.

பேராசிரியர் ஸ்டீபன்ராஜ் இந்த அசனத்தில் வருடா வருடம் குழம்பு வாளி தூக்கியவர். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டு போவார். "நீங்க உக்காருங்க சார், நாங்க பாத்துக்கிறோம்" என்று இளவட்டங்கள் வாளியைப் பிடுங்க வந்தால், "போங்கப்பா, எனக்கு என்னைக்கும் கடைசிப் பந்திதான்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். பாவம், ஆண்டவர் பார்த்துப் பார்த்து அந்த இடத்தில்தான் சூடு வைத்தார்.

அவர் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழல் துறைத் தலைவராக. அங்கே 2008இல் ஒரு நல்ல காரியம் தொடங்கினார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை என்பது ஒரு விசித்திரமான சரக்கு. எழுதுகிறவர் சும்மா எழுதிக் கொடுப்பார், சரிபார்க்கிறவரும் சும்மாவே சரிபார்ப்பார், வெளியிடுகிற கம்பெனி மட்டும் அதைப் பூட்டி வைத்து, படிக்க வருகிறவனிடம் டாலரில் காசு கேட்கும். பூட்டாமல் உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டுமானால் எழுதியவர் பக்கம் ஒரு பெரிய தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்தத் தொகையைப் பல்கலைக்கழகமே கொடுப்பது என்று முடிவாயிற்று. திறந்த வெளியீட்டு நிதி என்று அதற்குப் பெயர். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு கட்டுரைக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஒன்று என்றால் சண்டை வராமல் இருக்குமா? இயற்பியல் எங்களுக்கு என்றது, வேதியியல் எங்களுக்கு என்றது. கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தபோது ஸ்டீபன்ராஜ்தான் எழுந்து வழி சொன்னார். "எங்க கோயில் அசனத்துல சண்டையே வர்றதில்ல சார். முந்தி வந்தவருக்கு இலை, அம்புட்டுத்தான். ஜர்னல்ல இருந்து ஏற்புக் கடிதம் யாரு முதல்ல கொண்டு வாராங்களோ, அவங்களுக்கு நிதி." எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். விதியை எழுதும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். அசனத்தின் முதல் சட்டத்தை அழகாக ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டாவது சட்டம் அவர் ஞாபகத்துக்கே வரவில்லை. வராமல் எப்படிப் போயிற்று என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார்.

அவர் துறையில் ரஃபியா என்று ஒரு விரிவுரையாளர். பேகம்பூர்ப் பக்கத்தில் தோல் வியாபாரம் பார்க்கும் மீரானின் மகள். டாக்டர் பட்டத்துக்கு ஸ்டீபன்ராஜிடம்தான் ஆராய்ச்சி செய்தாள். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்துக்குத் தோல் ஷாப்பு என்று பெயர். அந்தத் தோல் ஷாப்புகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் எந்தத் தண்ணீர் கெட்டது, எது கெடவில்லை, ஏன் கெடவில்லை என்று நாலு வருடம் அலைந்து கண்டுபிடித்திருந்தாள். தோல் வியாபாரி வீட்டுப் பெண் அதை எழுதுவது லேசான காரியமா? சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். மீரான் மட்டும்தான் அவளைத் தடுக்கவில்லை. அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை.

"நல்லா எழுதும்மா. கழிவைச் சுத்தம் பண்ணி விட்டவன் கெணறு நல்லா இருக்குன்னும் எழுது, ஏமாத்துனவன் கெணறு நாறுதுன்னும் எழுது. ஆனா மறைச்சு எழுதாத. யாரு வேணாலும் எடுத்துப் பாக்குற மாதிரி இருக்கணும். நாளைக்கு ஜமாத்துல எவனாச்சும் கேட்டா, இந்தா நீயே பாத்துக்கன்னு நான் சொல்லணும்."

ரஃபியா இதை ஸ்டீபன்ராஜிடம் அப்படியே சொல்லியிருந்தாள். "நிதி நமக்குத்தான் வரும், கவலைப்படாத" என்று அவரும் சொல்லியிருந்தார். அவள் கட்டுரையை நல்ல தரமான ஜர்னலுக்கு அனுப்பினாள். தரமான இடமென்றால் சும்மாவா? மூன்று பேர் படித்து, ஆயிரம் கேள்வி கேட்டு, மறுபடி ஆய்வுக்கூடத்துக்கு விரட்டினார்கள். மாதங்கள் ஓடின.

அந்தச் சமயத்தில்தான் டீன் பதவி காலியாயிற்று. அதற்கு அந்த வருடம் ஒரு சர்வதேசக் கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும். ஸ்டீபன்ராஜ் பேனாவை மூடி வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. இயற்பியல் ரொனால்டு, இவரைவிடப் பத்து வயது இளையவர், அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார் என்று பேச்சு. வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'பெருமதிப்பிற்குரிய பேரறிஞரே, தங்கள் மகத்தான கட்டுரைக்காக எங்கள் ஆய்விதழ் காத்திருக்கிறது. இலவசமாக உலகமே படிக்கும். கட்டணம் மட்டும் தங்களுடையது.' அட, படித்த மனுஷன்தானே, இது மீனுக்குப் போட்ட தூண்டில் புழு என்று தெரியாதா? தெரிந்தது. ஆனாலும் 'பேரறிஞரே' என்ற சொல் உள்ளே போய்க் குளுகுளுவென்று இருந்தது.

பழைய ஆய்வேட்டை எடுத்தார். 1991இல் ஆவாரம்பட்டையைப் பற்றி அவர் செய்தது. அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் போடுவார்கள். அதில் ஓர் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து, ஒரு போட்டோவை ஸ்கேன் செய்து சேர்த்தார். பழைய சரக்கு என்று தெரிந்தால் வாங்க மாட்டார்களே என்று வருடத்தை மட்டும் மாற்றினார். கள ஆய்வு: 2008. விரல் நுனியால் தட்டுகிற வேலைதான். வெள்ளிக்கிழமை அனுப்பினார், திங்கட்கிழமை ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. நடுவர்கள் மூவரும் வியந்து பாராட்டினார்களாம். கடிதத்தோடு முதல் ஆளாகப் போய் நின்றார். நிதி அவருக்குத்தான், விதி அப்படி.

பல்கலைக்கழக வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் வைத்தார்கள். அவர் கோட்டுப் போட்டு நிற்க, பின்னால் உலக உருண்டை இருந்தது. 'சர்வதேசக் கட்டுரை' என்று பெரிதாகப் போட்டவர்கள் ஜர்னல் பேரையும் நிதியையும் போடவில்லை. டீனும் ஆனார்.

அடுத்த மாதமே ரஃபியா ஓடிவந்தாள், கையில் பால்கோவா டப்பா. "சார், அக்செப்ட் ஆயிருச்சு! நிதிக்கு எழுதிக் குடுத்திரலாமா சார்?"

ஸ்டீபன்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வருசத்துது முடிஞ்சிருச்சேம்மா."

"முடிஞ்சிருச்சா? யாருக்குப் போச்சு சார்?"

"எனக்குத்தான். அது... நானே எதிர்பாக்கல. சட்டுனு வந்திருச்சு. ரூலு ரூலுதானே ரஃபியா."

எந்த ஜர்னல் என்று கேட்டாள். பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் கண் ஒரு கணம் அவர் மேல் நின்று, பிறகு மேசைக்கு இறங்கியது. அவ்வளவுதான். "நல்லது சார்" என்று சொல்லிவிட்டு, பால்கோவாவை வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த டப்பாவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியாமல், அங்கே வைத்திருக்கவும் முடியாமல், கடைசியில் அலுவலகப் பியூனிடம் கொடுத்தார்.

கட்டுவதற்குப் பணமில்லாததால் ரஃபியாவின் கட்டுரை பூட்டோடு வெளிவந்தது. பேகம்பூரில் பேச்சு கிளம்பிவிட்டது. மீரான் மகள் நம்ம தொழிலைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு என்னவோ எழுதிக் கொடுத்துவிட்டது, எடுத்துப் பார்க்கப் போனால் டாலர் கேட்கிறது, நல்லதென்றால் எதற்குப் பூட்ட வேண்டும் என்று. அவள் தன் கணினியிலிருந்து ஒரு பிரதி அடித்துக் கொடுத்தாள். அதை மீரான் ஜமாத்துக்குக் கொண்டுபோனால், "இது உங்க பொண்ணு வீட்டுல அடிச்சதுதானேண்ணே. அங்க என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்கள். கிணறு நல்லா இருந்தவனும் நம்பவில்லை, நாறிக் கிடந்தவனும் நம்பவில்லை. மீரானுக்குத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நின்றுபோனார்கள்.

இதெல்லாம் ஸ்டீபன்ராஜ் காதுக்கு வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது. அதற்கு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அலைந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவர், வாசலில் மீரானைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார். மீரான் முகமோ நோன்புப் பெருநாள் முகமாக இருந்தது. மடியில் இருந்து நியூஸ் பேப்பரில் சுற்றிய நாலு தாளை எடுத்தார்.

"சார், நீங்க எழுதுனதுதான். தெறந்து வைக்கிறதுன்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு. பிரவுசிங் சென்டர்ல உங்க பேரச் சொன்னேன், டக்குனு வந்திருச்சு, யாரும் ஒண்ணும் கேக்கல. புரட்டுனா... எங்கத்தா சார், என்னப் பெத்தவரு!"

ஸ்டீபன்ராஜுக்குப் புரியவில்லை. மீரான் போட்டோவின் ஓரத்தில் விரலை வைத்தார். தோல் ஷாப்பு முற்றத்தில் ஆவாரம்பட்டை மலையாகக் குவிந்து கிடக்க, அதன் பக்கத்தில் தொப்பியும் கைலியுமாக ஒரு பெரியவர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அந்த முற்றத்தில் கேமராவைத் தூக்கியதும் பெரியவர் கையை ஆட்டி, "பட்டைய எடுத்துக்கங்க தம்பி, என்னைய எடுத்திராதீங்க" என்று விலகிப் போனார். போதுமான தூரம் விலகிவிட்டோம் என்று நினைத்துத்தான் அப்படி நின்றிருக்கிறார். அவர் யார் வீட்டுப் பெரியவர் என்று ஸ்டீபன்ராஜ் அன்றும் கேட்கவில்லை, பிறகும் நினைக்கவில்லை.

"போட்டோன்னாலே ஆகாது சார் அவருக்கு. ஹஜ்ஜுக்குக்கூடப் போகல, பாஸ்போர்ட்டுப் போட்டோவும் இல்ல. தொண்ணூத்தாறுல மௌத்தாயிட்டாரு. முகமே மறந்துபோச்சுன்னு எங்கம்மா அழுதுக்கிட்டே இருக்கும். இன்னைக்குக் காலையில இதக் காட்டுனேன். அப்படியே மூஞ்சில ஒத்திக்கிருச்சு சார்." மீரான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விரலைச் செத்தக் கீழே நகர்த்தினார். "இங்க மட்டும் என்னமோ ரெண்டாயிரத்தெட்டுன்னு போட்டிருக்கே சார்?"

உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த மனைவி ஏஞ்சலின் அப்படியே நின்றாள். அந்த ஆய்வேட்டுக்கு அந்தக் காலத்தில் கை வலிக்க வலிக்கத் தட்டச்சு அடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"அது... அச்சுப் பிழை பாய்" என்றார் ஸ்டீபன்ராஜ்.

மீரான் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். செத்த நேரம் அப்படியே நின்றார். பிறகு தாள்களைப் பழையபடி சுற்றினார். "சரிங்க சார். அச்சுன்னா இப்படி ஏதாச்சும் ஆகத்தான் செய்யும்" என்றார். டீயை மரியாதைக்காக முழுசாகக் குடித்துவிட்டுப் போனார்.

"இம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு?" என்றாள் ஏஞ்சலின். அன்று முழுக்க அவள் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட ஒரு வேளைக்குத்தான் மறைப்பான். இவர் மறைத்ததோ உலகம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பேகம்பூர் பிரவுசிங் சென்டரில் பேரைச் சொன்னால் டக்கென்று வருகிறது. மறுநாள் துணிந்து பதிவாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். பதிவாளர் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "நல்ல நேரம் பாத்தீங்க போங்க. மதிப்பீட்டுக் குழு வருது, கட்டுரைக் கணக்குல ஒண்ணு கூடியிருக்கு. வாய மூடிக்கிட்டுப் போயிருங்க சார். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். வெளியே வந்தபோது ஸ்டீபன்ராஜுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் அவருக்கு உடம்பே கூசிற்று. கட்டுரையை எடுத்துவிடச் சொல்லி ஜர்னலுக்கு எழுதினார். எடுப்பதென்றால் அதற்குத் தனிக் கட்டணம், போட்டதைப் போல இரண்டு மடங்கு என்று பதில் வந்தது, அதிலும் 'பேரறிஞரே' என்றுதான் இருந்தது.

அடுத்த நிதிக் கூட்டத்தில் விதியைத் திருத்தினார். முந்தி வந்தவருக்கு என்பதை அடித்துவிட்டு, ஜர்னலின் தரத்தைப் பார்த்துத்தான் நிதி, குழுவில் இருப்பவர்கள் கேட்பதென்றால் எல்லோருக்கும் பிறகுதான் என்று எழுதினார். "பாருங்க, டீனுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று ரொனால்டு உள்பட எல்லோரும் மறுபடி மேசையைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அவர் மண்டையில் விழுந்தது. ரஃபியா அந்தக் கூட்டத்தில் இல்லை. அவள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்கு வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தாள். போகும்போது அவரிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள், ஒரு குறையும் சொல்லவில்லை.

தை பிறந்தது. மீரான் வீட்டிலிருந்து வருடா வருடம் அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசி வரும், அவருடைய அத்தா காலத்துப் பழக்கம். கோயில் சார்பில் போய் முறையாக அழைத்துவிட்டு வருவது கொஞ்ச வருடமாக ஸ்டீபன்ராஜ் வேலை. இந்தத் தடவை வேறு யாரையாவது அனுப்பலாமா என்று நினைத்தார். பிறகு, இதற்கும் ஒளிந்தால் மனுஷனே இல்லை என்று கிளம்பினார்.

மீரானின் கிட்டங்கியில் தோல் கட்டுகள் குறைவாகத்தான் இருந்தன. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தப் பெரியவர் படம் மாட்டியிருந்தது. கட்டுரையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. ஸ்டீபன்ராஜ் உட்காரவில்லை.

"பாய், அது அச்சுப் பிழை இல்ல. நான்தான் வருசத்த மாத்துனேன். பழசத் தூக்கி புதுசுன்னு போட்டு, ரஃபியாவுக்குப் போகவேண்டிய பணத்த நான் எடுத்துக்கிட்டேன். அந்த ரூலையும் நான்தான் எழுதுனேன்." சொல்லி முடித்துவிட்டுச் சுவர்ப் படத்தின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு வெக்கமா இருக்கு பாய். உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

மீரான் தராசில் இருந்த தோலை இறக்கி வைத்தார்.

"தெரியும் சார். எங்கத்தா மௌத்தான வருசம் எனக்குத் தெரியாதா? ரஃபியாவுக்கு மொதல்லயே தெரியும், நீங்க ஜர்னல் பேரு சொன்ன அன்னைக்கே வீட்டுக்கு வந்து எடுத்துப் பாத்திருச்சு. பாடம் சொல்லிக் குடுத்தவரு மேல பிராது குடுக்க மாட்டேன்னு பிடிவாதமா இருந்திருச்சு. எனக்கே சொல்லல, எங்கத்தா படத்தக்கூடக் காட்டல, நானாப் போயிப் பாத்ததுக்கு அப்புறந்தான் சொன்னுச்சு. அன்னைக்கு உங்க வீட்டுல செத்த நேரம் நின்னேன்ல சார், நீங்க சொல்லிருவீங்கன்னுதான் நின்னேன். ஊரு பாக்கணும்னு எழுதுனது பூட்டிக் கெடக்கு. சரி, நடந்தது நடந்துபோச்சு. அரிசி மூட்டைய நாளைக்கு அனுப்பி விடுறேன்."

அவர் கத்தவில்லை. ஒரு சொல் கூடக் கடுமையாக இல்லை. ஸ்டீபன்ராஜ் ரோட்டில் வந்து நின்று, பஸ் வந்தும் ஏறத் தெரியாமல் நின்றார்.

திருவிழா அன்று மைதானம் நிறைந்து வழிந்தது. முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. "சார், வாளி இந்தாங்க" என்று ஒருவன் நீட்டினான். ஸ்டீபன்ராஜ் கை போகவில்லை. "உடம்பு முடியலப்பா, நீ ஊத்து" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் விறகுக் குவியல் மறைவில் போய் நின்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கடைசிப் பந்திக்காரன் என்று வாளியைத் தூக்குவது? புகை கண்ணைக் கரித்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

மீரான் அவரை அங்கேயே வந்து பிடித்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி.

"இங்க என்ன சார் பண்றீங்க? உடம்பு சரியில்லன்னாங்க."

"ஒண்ணுமில்ல பாய். நீங்க போயி உக்காருங்க."

"உடம்பு சரியில்லாதவரு வெறும் வயித்தோட நிக்கக் கூடாது. வாங்க." கையைப் பிடித்துவிட்டார். உதறவா முடியும்? ஊரே பார்க்க, பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போய், முதல் பந்தியில் தன் பக்கத்து இலையில் அவரை உட்கார வைத்தார். ஸ்டீபன்ராஜ் இத்தனை வருடத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தது அன்றுதான். எதிர் வரிசையில் இருந்தவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். "சாருக்கு உடம்புக்கு முடியல" என்று மீரானே எல்லோருக்கும் சொன்னார்.

சோறு விழுந்தது. குழம்பு வாளி வந்தது. "நல்ல கறியாப் பாத்து வைப்பா, சாருக்கு" என்றார் மீரான். கொழுத்த துண்டாக நாலு விழுந்தது. மீரான் அனுப்பிய அரிசி, யாரோ வேண்டிக்கொண்டு விட்ட ஆடு. ஸ்டீபன்ராஜ் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்டுங்க சார், ஆறிப்போயிரும்."

குனிந்த தலை நிமிராமல் அவர் பிசைந்து சாப்பிட்டார். பந்தலுக்கு வெளியே அடுத்த பந்திக்காரர்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.